நின்ற கால்களின் நெடுங்கதை

நம்மவர் வழக்கில் 'நரம்பு' என்னும் சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. யாழின் தந்தியும் நரம்பு. இலையின் ஊடே ஓடும் கோடும் நரம்பு. மூளையின் ஆணையை உடலெங்கும் கொண்டு செல்லும் இழையும் நரம்பு. புறங்கையில் பச்சை நிறமாய்த் தெரியும் குருதிக் குழாயும் நரம்பே. இச்சொல்வளம் இலக்கியத்திற்கு அழகு செய்யலாம். மருத்துவத்திற்கு இடரே செய்கிறது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்லும் மூதாட்டி உண்மையில் நரம்பைப் பற்றிப் பேசவில்லை. சிரையைப் பற்றிப் பேசுகிறார். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்லும் குழாய் தமனி. உறுப்புகளிலிருந்து அதனை மீண்டும் இதயத்திற்குக் கொண்டு சேர்க்கும் குழாய் சிரை. இவற்றையெல்லாம் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டமையால், சிரை நோய்க்கு 'நரம்புத் தளர்ச்சி' மருந்து வாங்கி உண்போர் இன்றும் உளர்.

நோய்களுள் சில வரலாற்றில் பெரும்பெயர் பெற்றவை. கொள்ளைநோயும் பெரியம்மையும் பேரரசுகளையே அசைத்தன. வாந்திபேதி கப்பலேறிக் கண்டங்களைக் கடந்தது. கால் சிரை நோய்க்கு அத்தகைய புகழ் இல்லை. அது ஊரை அழிப்பதில்லை. பெரும்பாலும் ஆளை உடனே வீழ்த்துவதுமில்லை. மாலையில் கால் கனக்கிறது என்னும் ஒரு முணுமுணுப்பாகத் தொடங்கி, இருபது முப்பது ஆண்டுகள் மெல்ல வளர்கிறது. ஆயினும், அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், யார் நின்றனர், யார் அமர்ந்தனர், யாருடைய ஆணையால் நின்றனர் என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன.

முதலில் நோயின் இயல்பை அறிந்து கொள்வோம். பாதத்தில் உள்ள குருதி இதயத்தை அடைய ஏறத்தாழ நான்கடி உயரம் ஏற வேண்டும். தமனிக் குருதியை இதயம் தள்ளுகிறது. சிரைக் குருதியை மேலேற்றுவது எது? கெண்டைக்கால் தசையே. நாம் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அத்தசை இறுகி, தன்னூடே செல்லும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழியப்பட்ட குருதி மேலே செல்கிறது. தசை தளரும்போது அக்குருதி கீழே வழிந்துவிடாதபடி, சிரையினுள் ஆங்காங்கே அமைந்துள்ள மெல்லிய வால்வுகள், ஒருவழிக் கதவுகளைப் போல மூடிக்கொள்கின்றன. கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்று மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரைக் குருதியின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவாக இருக்கும். அவரே சில அடிகள் நடந்தால் அது 30 அளவிற்கு இறங்கிவிடும். நிற்பது வேறு, நடப்பது வேறு. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை முழுவதும் அதனைச் சுற்றியே செல்லும்.

வால்வுகள் தளர்ந்துவிட்டால் குருதி மேலே செல்வதும் மீண்டும் கீழே வழிவதுமாக ஊசலாடுகிறது. தோலுக்கடியில் உள்ள சிரைகள் அச்சுமையைத் தாங்காமல் விரிந்து, நீண்டு, நெளிந்து புடைக்கின்றன. இதுவே சுருள்சிரை நோய். 'வெரிகோஸ் வெயின்' என்று பலரும் அறிந்திருப்பது. தோலின் மேற்பரப்பில் சிலந்தி வலைபோல் சிவந்தும் நீலமாகவும் தெரியும் நுண்சிரைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவை தோற்றத்தையே கெடுப்பன. கருத்தில் கொள்ள வேண்டியவை வேறு. மாலையில் கால் கனத்தல், கணுக்கால் வீங்கிக் காலணி இறுகுதல், இரவு படுத்து எழுந்தபின் அவ்வீக்கம் வடிந்திருத்தல், கெண்டைக்காலில் குரக்குவலி, அரிப்பு ஆகியன தொடக்க நிலையின் அடையாளங்கள். பிறகு உட்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் பழுப்பு நிறம் கொள்கிறது. நெடுங்காலத் தேக்கத்தால் குருதியின் செவ்வணுக்கள் சிரையிலிருந்து கசிந்து சிதைய, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதால் வரும் நிறம் அது. அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவுவோரும் உண்டு. அத்தோல் நாளடைவில் தடித்து இறுகி, ஒரு கொசுக்கடியாலோ சிறு கீறலாலோ பிளந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிறது. வெளியே தெரியும் சிரையின் பருமனுக்கும் வலியின் அளவிற்கும் நேரான தொடர்பு இல்லை என்பதையும் கூற வேண்டும். கயிறுபோல் புடைத்த சிரையோடு வலியின்றி வாழ்வோர் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாமல் புண்வரை சென்றோரும் உண்டு.

இந்நோயைப் பற்றிய பழமையான குறிப்புகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடி, பாம்புபோல் நெளிந்து கிடக்கும் புடைப்புகளைக் கத்தியால் தொடலாகாது என மருத்துவனை எச்சரிக்கிறது. குருதிப் பெருக்கைக் கட்டுப்படுத்தும் வழி அறியாத காலத்தில் அது அறிவுடைய எச்சரிக்கையே. கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரக் குன்றின் சரிவில், அமைனோஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தின் கோவில் இருந்த இடத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சலவைக்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தாடி வைத்த மனிதர் ஒருவர், தம்மினும் பெரிதான கால் ஒன்றை இரு கைகளாலும் பற்றி நிற்கிறார். அக்காலின் உட்புறத்தில் நீண்ட சிரை ஒன்று புடைத்திருப்பதைச் சிற்பி தெளிவாகச் செதுக்கியிருக்கிறான். கோவில்களில் வெள்ளியால் கண்மலரும் கையும் காலும் செய்து காணிக்கை செலுத்தும் நம் மக்களுக்கு இக்கல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த நூல்கள், காலில் புண் உள்ளவன் நிற்பது நன்றன்று எனக் கூறுகின்றன. குருதி உடலில் சுற்றி வருகிறது என்பதே அறியப்படாத காலம் அது. நோயின் உள்ளியக்கம் தெரியாமலேயே, நிற்றலுக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்டு குறித்தமை பாராட்டத்தக்கது. வடமொழியில் சுசுருத சங்கிதை 'சிராஜ கிரந்தி' என ஒரு நோயைக் குறிக்கிறது. வலிமை குன்றியவன் தன் ஆற்றலுக்கு மிஞ்சிக் கடுமையாக உழைக்கும்போது, வாதம் சிரைகளைச் சுருக்கித் திரட்டி முடிச்சாக்குகிறது என்பது அந்நூலின் விளக்கம். இதுவே சுருள்சிரை நோய் எனக் கருதுவோர் உளர். வாதத்தைப் பற்றிய கருத்து எவ்வாறாயினும், நோய்க்கு உழைப்பைக் காரணமாகச் சொன்ன அந்தப் பார்வை கவனிக்கத்தக்கது.

உரோமாபுரியில் இந்நோய் ஒரு பெருந்தலைவனின் வரலாற்றிலேயே இடம் பெற்றுவிட்டது. ஏழு முறை கான்சல் பதவி வகித்த கையஸ் மாரியஸ் என்பவனுக்கு இரு கால்களிலும் சிரைகள் புடைத்திருந்தன. அவற்றை அறுத்தெடுக்க மருத்துவனை அழைத்தான். நோயாளியைக் கட்டிவைத்து அறுப்பதே அக்கால வழக்கம். மயக்க மருந்து ஏது? மாரியஸ் தன்னைக் கட்ட இசையவில்லை. முனகலும் இன்றி ஒரு காலை அறுக்கக் கொடுத்தான். மருத்துவன் மறுகாலுக்கு வந்தபோது, இந்த வலிக்கு இந்த நலம் ஈடாகாது என்று கூறி மறுத்துவிட்டான். புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இச்செய்தி உள்ளது. வீரத்திற்கு எடுத்துக்காட்டாகவே இதனைப் பலரும் கூறுவர். எனக்கோ, அவன் முதற்காலைக் கொடுத்ததைவிட இரண்டாம் காலை மறுத்ததே பேரறிவாகத் தோன்றுகிறது. போர்க்களங்களில் நடந்தும் நின்றும் காலம் கழித்த அவனுடைய படைவீரர்களின் கால்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

அதன்பின் நெடுங்காலம் மருத்துவம் பெரிதும் முன்னேறவில்லை. உடலில் நான்கு நீர்மங்கள் உண்டு, அவற்றின் சமநிலை கெடுவதே நோய் என்னும் கொள்கை ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஆட்சி செய்தது. அக்கொள்கையின்படி காலில் உள்ள புண், கெட்ட நீர் வெளியேறும் வாயில். அதனை மூடினால் நஞ்சு உள்ளே தங்கி உயிரைக் குடிக்கும் என அஞ்சிப் பல மருத்துவர்கள் புண்ணை ஆறவிடாமலே வைத்திருந்தனர். எத்தனை ஏழைகள் ஆற்றக்கூடிய புண்ணோடு வாழ்நாளைக் கழித்திருப்பர்! இதற்கு மாறாகச் செயல்பட்டவருள் ஒருவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரே. 1553இல் எஸ்தேன் கோட்டை முற்றுகையில் சிறைப்பட்ட அவர், பகைவர் தரப்புத் தலைவன் ஒருவனின் நாட்பட்ட கால்புண்ணை ஆற்றிக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றார். காலை இறுகச் சுற்றிக் கட்டுதல் அவருடைய மருத்துவத்தில் முக்கிய இடம் பெற்றது. இன்று வரை சிரைப்புண்ணுக்கு அடிப்படை மருத்துவம் அதுவே.

இனி இத்தாலியின் பாதுவா நகரத்திற்கு வருவோம். கால் சிரையின் வரலாற்றில் இந்நகரம் இருமுறை தலைகாட்டுகிறது. அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபப்ரீசியஸ், 1574இல் பிணங்களை அறுத்துக் காட்டும்போது சிரைகளினுள் சிறு கதவுகள் இருப்பதைக் கண்டார். 1603இல் அவற்றைப் பற்றி அழகிய படங்களோடு ஒரு நூலையும் வெளியிட்டார். கதவுகளைக் கண்டவர் அவை எப்பக்கம் திறக்கின்றன என்பதையும் கண்டார். ஏன் அவ்வாறு திறக்கின்றன என்பதைமட்டும் காணவில்லை. ஈரலிலிருந்து குருதி சிரைகளின் வழியே உறுப்புகளை நோக்கிச் செல்கிறது என்னும் பழைய நம்பிக்கை அவர் கண்ணை மறைத்தது. குருதி முழுவதும் கைகால்களுக்கு ஓடிச் சேர்ந்துவிடாமல் அதன் விரைவைக் குறைப்பதற்காகவே இக்கதவுகள் என்று எழுதினார்.

அவரிடம் பயின்ற ஆங்கில மாணவர் வில்லியம் ஹார்வி 1602இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். ஒரு முழங்கையின் மேற்புறத்தில் துணியைக் கட்டி, கீழே புடைத்தெழுந்த சிரையை விரலால் அழுத்தி, குருதியை மேல்நோக்கித் தடவி வெறுமையாக்கிக் காட்டினார். மேலிருந்து கீழே தள்ள முயன்றால் குருதி கதவைத் தாண்டி வரவில்லை. இத்துணை எளிய சோதனை! கதவுகள் அனைத்தும் இதயத்தை நோக்கியே திறக்கின்றன. ஆகவே சிரைக் குருதி இதயத்தை நோக்கியே செல்கிறது. 1628இல் வெளிவந்த அவருடைய நூல், குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பதை நிலைநாட்டியது. ஆசிரியர் கண்ட கதவின் பயனை மாணவர் கண்டார். சுருள்சிரை நோய் இன்னதென்று விளங்குவதற்கான வழி அன்றுதான் திறந்தது.

இரண்டாம் சார்லஸ் மன்னனின் அறுவை மருத்துவர் ரிச்சர்டு வைஸ்மன் அவ்வழியே சென்றார். 1676இல் வெளியிட்ட நூலில், சிரை விரிந்துவிட்டால் அதன் வால்வுகள் மூடிக்கொள்ள இயலாமல் போகின்றன என விளக்கினார். கால்புண்ணுக்கும் சுருள்சிரைக்கும் உள்ள தொடர்பை ஒரே பெயரில் இணைத்தார். மென்தோலால் செய்து கயிற்றால் இறுக்கும் காலுறை ஒன்றையும் தம் நோயாளிகளுக்கு அணிவித்தார்.

பாதுவா இரண்டாம் முறை தலைகாட்டுவது 1700ஆம் ஆண்டில். அவ்வாண்டு அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்த பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மருத்துவன் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, நீ செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்க வேண்டும் என வற்புறுத்தியவர் அவர். மாளிகைகளின் வாயிலில் காத்திருந்த மருத்துவ உலகில், பட்டறைகளுக்கும் சாக்கடைகளுக்கும் தாமே சென்று பார்த்து எழுதிய அந்த மனிதரை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. தச்சர், கொல்லர், கொத்தர் போன்று நின்றே வேலை செய்வோருக்கென அவர் தனி இயல் ஒதுக்கினார். நடப்பதைவிட நிற்பது மிகுதியாகக் களைப்பூட்டுகிறது என்றும், இவர்களுக்குச் சிரைப் புடைப்பும் கால்புண்ணும் எளிதில் வருகின்றன என்றும் எழுதினார். அவர் கூறிய மருந்து விலையற்றது: வேலையின் இடையிடையே உட்கார விடுங்கள், அல்லது நடக்க விடுங்கள். அமர்ந்தே தொழில் செய்யும் தையற்காரருக்கும் செருப்புத் தைப்போருக்கும் வேறோர் இயல் எழுதியதையும் மறத்தலாகாது. அசைவின்மை எவ்வடிவில் வந்தாலும் தீங்கு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் மருத்துவ உலகம் இம்மருந்தைக் கையிலெடுக்கவில்லை. கத்தியையும் ஊசியையும் எடுத்தது. அவற்றால் விளைந்த நன்மை பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரண்டலன்பர்க் 1891இல், தொடையில் செல்லும் நீண்ட மேற்சிரையைக் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். அச்சிரைக்கு வழங்கும் 'சஃபீனஸ்' என்னும் பெயருக்கு, வெளிப்படையானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை மூலமாகக் கூறுவோரும், மறைந்தது எனப் பொருள்படும் அரபுச் சொல்லைக் கூறுவோரும் இன்றும் வாதிடுகின்றனர். கணுக்காலில் வெளிப்பட்டும் தொடையில் மறைந்தும் செல்லும் சிரைக்கு இரண்டுமே பொருந்துகின்றன! 1905 முதல் 1907 வரையிலான மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவில் கெல்லர், மேயோ, பாப்காக் ஆகிய மூவர், கெட்ட சிரையை உருவி எடுக்கும் மூன்று முறைகளை ஒருவர்பின் ஒருவராக வகுத்தனர். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும், மேகநோய்க்காகச் சிரையில் மருந்தேற்றியபோது அச்சிரை சுருங்கி மூடிப்போவதைக் கண்ட மருத்துவர்கள், அதனையே ஒரு மருத்துவமாக்கினர். பிரான்சில் சிக்கார் இதற்கு முன்னோடி.

கட்டுத்துணியின் கதை நம் மண்ணோடு தொடர்புடையது. வைஸ்மனின் தோற்காலுறை மூட்டோடு வளைந்து கொடுக்காது. துணிக்கட்டோ மாலைக்குள் தளர்ந்துவிடும். இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நூல் வேண்டும். ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சி உறுதியாக்கும் முறையை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1848இல் இங்கிலாந்தில் ரப்பர் இழையால் நெய்த காலுறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். பிறகு நடந்ததை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. காடுகள் தோட்டங்களாயின, கங்காணிகள் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் கட்டி வந்தனர், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயா உலகின் முதன்மையான ரப்பர் நாடாயிற்று.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின் மரத்திற்கு மரம் நடந்து, பால் வாளிகளைக் காண்டாவில் தூக்கி வந்த நம் பாட்டிமார், தாங்கள் சேர்த்த பால் எங்கோ ஒரு குளிர்நாட்டில் நோயுற்ற காலைத் தாங்கும் நூலாகவும் ஆகிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். பல பிள்ளைகளைச் சுமந்து பெற்றவர்கள் அவர்கள். மகப்பேற்றுக் காலத்தில் சிரைகள் தளர்வதும், வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதும் இந்நோய்க்கு அறியப்பட்ட காரணங்கள். அவர்களுடைய கால்களுக்குக் கிடைத்ததோ தேங்காய் எண்ணெய்த் தடவலும் பழந்துணிக் கட்டும்தான்.

காலுறை முழுமை பெற்றது ஒரு நோயாளியின் கையில். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராடு ஜோப்ஸ்ட் ஒரு பொறியியலாளர்; சிரைப்புண்ணால் பல ஆண்டு துன்புற்றவர். நீச்சல் குளத்தில் நின்றபோதெல்லாம் தம் கால்வலி குறைவதை அவர் கவனித்தார். நீரின் அழுத்தம் பாதத்தில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருப்பதே காரணம் எனத் தெளிந்தார். கணுக்காலில் இறுக்கமாகவும் முழங்காலை நோக்கித் தளர்ந்தும் அமையும் காலுறையை 1950ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். இன்று செயற்கை இழைகளும் அதில் கலந்துவிட்டன. அவர் கண்ட முறை மாறவில்லை. கால் தமனிகளில் அடைப்புள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இக்காலுறையை அணிதல் கூடாது.

இதுவரை கூறியது மேற்சிரைகளின் கதை. ஆழ்சிரைகளின் நோய் அமைதியானது, ஆயினும் கொடியது. ஆழ்சிரையினுள் குருதி உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நொடியில் உயிர் போகலாம். 1856இல் விர்ச்சோ இதன் இயக்கத்தை விளக்கினார். குருதி தேங்குதல், குழாய்ச் சுவர் காயமுறுதல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் காரணங்கள் என இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. தேங்குதல் என்னும் முதற் காரணத்திற்கு 1940ஆம் ஆண்டின் லண்டன் கொடிய சான்றாயிற்று. ஜெர்மன் விமானங்களின் குண்டுகளுக்கு அஞ்சி மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில், மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தபடியே உறங்கினர். அந்நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்தியது. விடிந்தபின் எழுந்து நடந்த சிலர் சுருண்டு விழுந்து இறந்தனர். பிணக்கூறு மருத்துவர் கீத் சிம்சன், நுரையீரல் அடைப்பால் நேர்ந்த இத்தகைய இறப்புகள் முந்திய ஆண்டினும் ஆறு மடங்கு பெருகியதைக் கண்டு எழுதினார். குண்டுக்குத் தப்பியவர்களை நாற்காலி கொன்றது. பதுங்கிடங்களில் பிறகு படுக்கைத் தட்டுகள் அமைக்கப்பட்டன.

1954இல் பாஸ்டன் மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நெடுநேர விமானப் பயணத்திலும் இது நேர்வதை எழுதினார். 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வீங்கிய இடக்காலோடு மத்தியக் கிழக்கு நாடுகளில் பயணம் செய்ததும், பதவி துறந்தபின் அதற்காக அறுவை செய்துகொண்டதும் உலகறிந்த செய்தி. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, வெம்மையுற்றால் அது மாலைக் களைப்பன்று. அன்றே மருத்துவரைக் காண வேண்டிய நிலை. அதனோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது. புடைத்த மேற்சிரை உடைந்து குருதி பீறிட்டாலோ, உடனே படுத்துக் காலை உயர்த்தி, அவ்விடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நாற்காலியில் அமர்ந்தபடி துடைத்துக் கொண்டிருப்பதே ஆபத்து.

அண்மைக் கால முன்னேற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். கேளா ஒலியால் சிரையின் உள்ளோட்டத்தைக் கண்ணால் காணும் கருவி மருத்துவர் கைக்கு வந்தது. 1990களின் இறுதியிலிருந்து, சிரையை உருவி எடுப்பதற்கு மாறாக, மெல்லிய குழாயை உட்செலுத்தி வெப்பத்தால் மூடும் முறை பரவியது. நோயாளி அன்றே நடந்து வீடு செல்கிறார். மாரியஸ் இன்றிருந்தால் இரண்டாம் காலையும் கொடுத்திருப்பான். புண் உள்ளவருக்கு இம்மருத்துவத்தைக் காலம் தாழ்த்தாமல் செய்தால் புண் ஆறும் நாள் 82இலிருந்து 56ஆகக் குறைகிறது என்று 2018இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு காட்டியது.

இது பெண்களின் நோய் என்னும் எண்ணமும் அசைந்துவிட்டது. 1999இல் வெளியான எடின்பரோ நகர ஆய்வில் ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 32 விழுக்காட்டினருக்கும் சுருள்சிரை காணப்பட்டது. பெண்கள் மருத்துவரை நாடினர். ஆண்கள் கால்சட்டைக்குள் மறைத்துக் கொண்டனர் போலும். குடிவழியும் முதுமையும் உடற்பருமனும் இந்நோய்க்குக் காரணங்களே. ஆயினும் ராமசினி சொன்னது பொய்க்கவில்லை. டென்மார்க்கு நாட்டுத் தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்று கழிப்போர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, பிறரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு எனத் தெரிய வந்தது.

குடிவழியை மாற்ற முடியாது. வயதை நிறுத்த முடியாது. மாற்றக்கூடிய ஒன்று வேலை முறை. அதனை மாற்றும் அதிகாரமோ நிற்பவரிடம் இல்லை. ராமசினியின் நூல் வெளிவந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், 1899இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டத்தை இயற்றியது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை! ஆண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண்களின் தாய்மைக்குக் கேடு வரும் என்பதே அன்று முன்வைக்கப்பட்ட பெரிய வாதம். அவர்களுடைய கால்கள் அவர்களுக்கே வேண்டும் என்று யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபின், தோட்டப்புறத்துப் பெண்கள் பலரும் ஆலைகளுக்குச் சென்றனர். மரத்திற்கு மரம் நடந்த தாயின் மகள், அசையாமல் பொறியின் முன் நின்றாள். அல்லது எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண் பதித்து அமர்ந்தாள். நடையில் பிழியப்பட்டுக் கொண்டிருந்த கெண்டைக்கால் ஓய்ந்தது. மலேசிய அரசின் தொழிற்பாதுகாப்புத் துறை 2002இல் நின்று வேலை செய்வோருக்கும், அடுத்த ஆண்டு அமர்ந்து வேலை செய்வோருக்கும் வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. ராமசினியின் இரு இயல்களும் நம் நாட்டில் அரசு ஏடாக வந்தன எனலாம்.

தமிழகத்திலும் கேரளத்திலும் பெரிய துணிக்கடைகளுக்குச் சென்றவர்கள், மாடிதோறும் வரிசையாக நிற்கும் பணிப்பெண்களைக் கண்டிருப்பர். வாடிக்கையாளர் அமர மெத்தை இருக்கை உண்டு. விரித்துக் காட்டுபவர் அமர முக்காலியும் இல்லை. ஆளில்லாத நேரத்திலும் உட்காருவது சோம்பலின் அடையாளமாகக் கருதப்பட்டது. இதனை எதிர்த்துக் கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி அமரும் உரிமையை வழங்கியது. 2021இல் தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், வேலையின் இடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமர இயல வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. மூன்று பேருக்கு ஒன்றாக இருந்தது, 122 ஆண்டுகளில் ஆளுக்கொன்றாயிற்று. இருக்கையிலிருந்து எழுந்து இருபதடி நடந்து திரும்பும் உரிமையைப் பற்றி அச்சட்டத்தில் ஒன்றும் கூறப்படவில்லை.